எல்லாப் பல்லையும் பிடுங்கிவிடலாமா?

52 வயதில், 14 வருடம் கழித்து, ஒரு பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்தேன். வலது கடைவாயில் மூன்று நாளாகத் தூங்கவிடாத வலி. அதுதான் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவர் என் வாய்க்குள் கண்ணாடியை வைத்துப் பார்த்த நேரம் ஒரு நிமிடம் இருக்காது. "சார், இதை ஒண்ணொண்ணா நோண்டிட்டு இருக்கறதுல அர்த்தமில்ல. மொத்தமா எடுத்துட்டு இம்பிளான்ட் மேல பல் வரிசை மாட்டிரலாம். ஒரே வாரம்" என்றார். இம்பிளான்ட் என்றால் தாடையெலும்பில் இறக்கும் திருகு. தாளில் எழுதித் தந்த தொகை 4,60,000 ரூபாய்.

இரண்டாவதாகப் போன இடத்திலும் மொத்தமாகப் பிடுங்கத்தான் சொன்னார்கள். ஆனால் அதற்கப்புறம் கழற்றி மாட்டும் பல் செட், 20,000 ரூபாய். மூன்றாவது, ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரி. அங்கே தொகையே சொல்லவில்லை. "முதல்ல வலியை நிறுத்துவோம், அப்புறம் சுத்தம் பண்ணுவோம். ரெண்டு மூணு மாசம் கழிச்சு எது நிக்குது, எது நிக்கலன்னு உட்கார்ந்து பேசலாம்" என்றார் அங்கிருந்த மேடம்.

நான் மூன்றாவது வழியில் போனேன். 7 மாதம், 17 தடவை நடை. முதல் வழியில் போன நண்பர் என் கடைக்கு நாலு கடை தள்ளி இருக்கிறார். இரண்டாவது வழியில் போனது என் அக்கா. மூன்று வாயையும் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. சேலத்தில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். பழைய வண்டியை எடைக்குப் போடுவதா, இன்ஜின் வேலை பார்த்து ஓட்டுவதா என்று தினமும் யாருக்காவது யோசனை சொல்கிற ஆள்தான். என் வாய் விஷயத்தில் மட்டும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கத் தோன்றவே இல்லை.

என் வாய் இருந்த லட்சணம்

பிறந்தது பென்னாகரம் பக்கம். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு வளரும் பிள்ளைகளுக்கு அந்தத் தொல்லை குறைந்திருக்கலாம். எங்கள் வயதுக்காரர்களுக்கு முன்பல்லில் பழுப்புக் கோடு பிறவி அடையாளம் மாதிரி. கல்யாண போட்டோவில்கூட நான் உதட்டை மூடித்தான் நிற்கிறேன். எப்படியும் அசிங்கம்தானே, இதைப் போய் எதற்கு டாக்டரிடம் காட்டுவது என்ற எண்ணம் சின்ன வயதிலேயே உட்கார்ந்துவிட்டது. ஒரு நாளைக்கு ஆறு டீ, சர்க்கரை போட்டு. இருபது வருடம் பாக்கு. அப்புறம் 45 வயதில் வந்த சர்க்கரை நோய்.

கல்லூரியில் முதல் நாள் எழுதிய கணக்கு இது. வாயில் 27 பல். அதில் 2 வெறும் வேர்தான், மேலே ஒன்றுமில்லை. சொத்தை 9, அதில் 4 ஆழமானவை, நரம்பைத் தொட்டவை அல்லது தொடப்போகிறவை. கீழ் முன்பற்களுக்குப் பின்னால் காரை (பல்லில் இறுகிப்போன அழுக்கு) கட்டி ஒரே சுவராக இருந்தது. மேல் வலது கடைவாய்ப் பல் ஒன்று விரலால் தொட்டாலே அசைந்தது.

அப்புறம் ஈறு அளப்பது. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கி, ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடத்தில் அளக்கிறார்கள். ஒரு மாணவி அளந்து சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொள்கிறார். "ஃபைவ், ஃபோர், சிக்ஸ்... சிக்ஸ், ஃபைவ், எய்ட்." மூன்று வரைக்கும் நல்ல ஈறு. நாலு, ஐந்து என்றால் நோய் இறங்கியிருக்கிறது. ஆறுக்கு மேல் என்றால் கவலைப்பட வேண்டியது. பரீட்சை முடிவை ஊரறிய வாசிக்கிற மாதிரி இருந்தது. நாற்காலியில் படுத்துக்கொண்டு என் வாயின் மார்க்கை நானே கேட்டேன்.

முதல் டாக்டர் சொன்னதை இங்கே நியாயமாகப் பார்க்க வேண்டும். இந்த வாயைப் பார்த்து "மொத்தமா எடுத்துரலாம்" என்று ஒருவருக்குத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. என் வருத்தம் அவர் ஒரு பல்லைக்கூட அளந்து பார்க்காமல் சொன்னார் என்பதில்தான்.

அக்காவின் பல் செட்

அக்கா எல்லாப் பல்லையும் எடுத்தபோது வயது 55. மீதி இருந்தது ஒன்பதே பல், பெரும்பாலானவை ஆடிக்கொண்டிருந்தன. மாமாவுக்கு ஒரே தடவையில் முடியவேண்டும். பிடுங்கி, ஈறு ஆறி, அளவெடுத்து, செட் வந்தது. முதல் வருடம் அக்கா முகமே மாறிவிட்டது. பத்து வயது குறைந்த மாதிரி இருந்தாள். காசும் குறைவு. பல் செட்டைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் அந்த முதல் வருடத்தை மறந்துவிடுகிறார்கள்.

பிரச்சினை அப்புறம்தான் வந்தது. பல் இருக்கிறவரைதான் தாடையெலும்பில் பல்லைத் தாங்கும் அந்த மேடு இருக்கும். பல் போனதும் மேடு கரைய ஆரம்பிக்கும், நிற்கவே நிற்காது. அதிலும் கீழ்த்தாடை மேல்தாடையைவிட ஏறத்தாழ நாலு மடங்கு கரைகிறது என்று 1972-லேயே நீண்டகால ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. மேல் செட் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். கீழ் செட்டுக்குப் பிடிமானம் அந்த மேடு மட்டும்தான். பக்கத்தில் நாக்கு வேறு தள்ளிக்கொண்டே இருக்கும். ஆறு வருடத்தில் அக்காவின் கீழ் செட் பேசும்போதே எழும்ப ஆரம்பித்தது. ஒரு தடவை உள்பக்கம் புதிதாக வார்த்துக் கொடுத்தார்கள், மறுபடி லூஸ்.

கடிக்கிற பலமும் அப்படித்தான். முழு செட்டில் சொந்தப் பல்லின் பலத்தில் நாலில் ஒரு பங்கு கிடைத்தாலே பெரிது. தீபாவளிக்கு அக்கா முறுக்கை டீயில் நனைத்து, ஊறும்வரை காத்திருந்து சாப்பிடுகிறாள். "தம்பி, நொறுக்குன்னு ஒரு சத்தம் கேட்டு எத்தனை வருசமாச்சு தெரியுமா" என்றாள் ஒரு நாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

என் வைத்தியம் நடக்கும்போதுதான் ஒன்று தெரிந்தது. அக்காவின் ஒன்பதில் கீழே இரண்டு கோரைப் பல் ஆடாமல் இருந்தன. கோரைப் பல்லின் வேர்தான் வாயிலேயே நீளம். அந்த இரண்டையும் பிடுங்காமல், ரூட் கேனால் (பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்துச் சுத்தம் பண்ணி அடைப்பது) செய்து, ஈறு மட்டத்துக்குச் சீவி விட்டுவிட்டு, அதன்மேல் செட் போடலாமாம். வேர் இருப்பதால் அந்த இடத்து எலும்பு கரைவது வெகுவாகக் குறையும், செட்டும் ஆடாமல் நிற்கும். கூடுதல் செலவு சில ஆயிரம். அன்றைக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. முழு செட்தான் வழி என்று முடிவானவர்கள்கூட "கீழ ரெண்டு வேரை மட்டும் வெச்சுக்க முடியுமா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நண்பரின் இம்பிளான்ட்

நண்பருக்கு நல்லபடியாகத்தான் நடந்திருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எலும்புக்குள் டைட்டானியம் திருகு இறக்கி அதன்மேல் பல் கட்டுவது வியாபாரிகள் கிளப்பிவிட்ட புதுசு எதுவும் இல்லை. ஸ்வீடனில் பிரோனிமார்க் என்ற மருத்துவர், டைட்டானியமும் எலும்பும் ஒன்றோடொன்று பிணைந்துகொள்வதைக் கண்டுபிடித்து, 1965-இல் முதல் நோயாளிக்கு வைத்தார். அப்போதிலிருந்து உலகம் முழுக்க நிற்கிற வைத்தியம். ஒரு தாடைக்கு நாலே திருகில், பின்னால் வருகிற இரண்டைச் சாய்வாக இறக்கி, முழு வரிசையையும் நிறுத்துகிற முறை 1990-களில் போர்ச்சுகலில் வளர்ந்தது. எனக்குச் சொல்லப்பட்டதும் இதுதான்.

நண்பர் கரும்பு கடிக்கிறார். கல்யாணப் பந்தியில் எலும்பைக் கடித்து இழுக்கிறார். அக்காவுக்கு அது கனவு. "சோத்துல கல் கிடந்தா மட்டும் முன்ன மாதிரி டக்குன்னு தெரியறதில்ல" என்பார். சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய தசைநார் உண்டு. மயிரிழை கனம் இருந்தாலும் அது உணரும். திருகுக்கு அது கிடையாது.

"ஒரே வாரம்" என்பதன் அர்த்தத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வாரத்தில் மாட்டுவது பெரும்பாலும் தற்காலிக பிளாஸ்டிக் வரிசை. திருகு எலும்போடு பிணைய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். நிரந்தர வரிசை அதற்குப் பிறகுதான்.

என்னை யோசிக்க வைத்தது வேறு. எந்த ஈறு நோயால் என் பல் ஆடுகிறதோ, அதே மாதிரி நோய் திருகைச் சுற்றியும் வரும். ஈறு நோயால் பல் இழந்தவர்கள், புகைப்பவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள் ஆகியோருக்கு அதற்கான வாய்ப்பு அதிகம். நான் இந்த மூன்றில் இரண்டு. ஈறைச் சரி பண்ணாமல், பல் தேய்க்கும் பழக்கத்தை மாற்றாமல், சர்க்கரையை இறக்காமல் 4,60,000 ரூபாயை அதே வாயில் போட்டால், ஆயில் ஒழுகுகிற இன்ஜினில் புது பிஸ்டன் போட்ட கதைதான். சொல்லப்போனால் இம்பிளான்ட் வைப்பதற்கு முன்பும் முதல் மூன்று மாதம் செய்ய வேண்டியது அதே வைத்தியம்தான்: வலியை நிறுத்து, சுத்தம் பண்ணு, சொத்தையை மூடு, சர்க்கரையைப் பார். அப்படியானால் பிடுங்குவதா வேண்டாமா என்று முதல் நாளே எதற்கு முடிவெடுக்க வேண்டும்?

நான் பிடித்துக்கொண்ட கணக்கு இது ஒன்றுதான். பல்லைக் காப்பாற்றும் வைத்தியம் தோற்றால், பிடுங்கி இம்பிளான்டோ செட்டோ வைக்கும் வழி அப்போதும் திறந்தே இருக்கும். பிடுங்கிய பிறகு திரும்பி வர வழி கிடையாது.

துறை துறையாக

பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்களுக்குத் தெரியும். கையில் ஓபி சீட்டு, ஒவ்வொரு துறைக்கும் ஒரு அறை, அறைக்கு வெளியே இரும்பு நாற்காலி வரிசை. நோயைக் கண்டறிவது ஒரு அறை, ஈறுக்கு இன்னொன்று, பிடுங்குவதற்கு வேறொன்று. சொத்தை அடைப்பதும் ரூட் கேனாலும் நடக்கிற அறைக்கு வெளியே 'கன்சர்வேட்டிவ் டென்டிஸ்ட்ரி' என்று பலகை. இருப்பதைப் பாதுகாப்பது என்பதைத்தான் துறைப் பெயராகவே வைத்திருக்கிறார்கள். கேப் (பல்லுக்கு மேல் மாட்டும் உறை), பிரிட்ஜ் (இடைவெளியை நிரப்பும் கட்டுப்பல்), செட் எல்லாம் கடைசி அறை. சீட்டு போகிற இந்த வரிசையேதான் வைத்தியத்தின் வரிசை என்று எனக்குப் பாதி வழியில்தான் உறைத்தது. தனி கிளினிக்கில் கடைசி அறையின் விலைப்பட்டியலை முதல் நாளே காட்டிவிடுகிறார்கள்.

முதல் வாரம் வலித்த பல்லைத் திறந்து சீழை வெளியேற்றினார்கள். அன்றிரவு தூங்கினேன். இரண்டு வேர், ஆடிய கடைவாய்ப் பல், கோணலாக முளைத்துச் சொத்தையான ஒரு ஞானப்பல் ஆகிய நாலையும் எடுத்தார்கள். காப்பாற்றுகிற வைத்தியம் என்றால் எதையும் பிடுங்கக் கூடாது என்று அர்த்தமில்லை. அந்தக் கடைவாய்ப் பல்லைச் சுற்றி 8 மில்லிமீட்டர் குழி. வேரின் நுனி வரைக்கும் எலும்பு போயிருந்தது. அதை வைத்திருந்தால் பக்கத்துப் பல்லின் எலும்பையும் சேர்த்துத் தின்றிருக்கும். மிச்சம் 23.

அப்புறம் கிளீனிங். நம் ஊரில் பாதிப் பேர் இதற்குத்தான் பயப்படுகிறார்கள்: கிளீன் பண்ணினால் பல் ஆடும் என்று. பயம் எங்கிருந்து வருகிறது என்று என் வாயிலேயே பார்த்தேன். கீழ் முன்பல்லிலிருந்து காரை உடைந்து எஃகுத் தட்டில் 'டிங்' என்று விழுந்தது, அரிசி அளவு, சிலது துவரம்பருப்பு அளவு. விழ விழ நாக்கு அங்கே போய்த் தடவியது. சுவர் இருந்த இடத்தில் சந்து சந்தாக இடைவெளி. தண்ணீர் பட்டால் கூசியது. நிஜமாகவே பல் லேசாக அசைகிற மாதிரிகூட இருந்தது. அவை ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பற்கள். காரை சிமென்ட் மாதிரி ஒன்றோடொன்று கட்டி வைத்திருந்தது. அடுத்து நாலு தடவையாக, மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்குக் கீழே வேரை வழித்தார்கள். இதுதான் ஆழமான கிளீனிங். வீங்கி இருந்த ஈறு இறுகியதும் பல் நீளமாகத் தெரியும். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வளராது, ஈறு மட்டும்தான் இறுகி ஒட்டும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் ஆள் பயந்து ஓடிவிடுவார்.

ரூட் கேனால் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூன்று பல்லுக்குச் செய்தார்கள். பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மூடுகிற நீல ரப்பர் ஷீட், வேர் நுனியை நெருங்கும்போது 'பீப்' அடிக்கிற கருவி, ஒவ்வொரு கட்டத்திலும் மேடம் வந்து பார்க்கும்வரை காத்திருப்பு. வலியைவிடப் பொறுமைதான் அதிகம் தேவைப்பட்டது.

நாலாவது ஆழமான சொத்தையில் நடந்ததுதான் எனக்குப் புதுசு. அந்தப் பல் ஜில்லென்று பட்டால் கூசும், எடுத்ததும் அடங்கிவிடும், தானாக வலிக்காது. அப்படியானால் நரம்பு இன்னும் உயிரோடு இருக்கிறதாம். முன்பெல்லாம் சொத்தையைக் கடைசித் துளிவரை சுரண்டுவார்கள்; சுரண்டும்போதே நரம்பு திறந்துகொள்ளும், உடனே ரூட் கேனால். இப்போது ஓரங்களைச் சுத்தமாக்கி, நரம்புக்குப் பக்கத்தில் இருக்கும் மெத்தென்ற கடைசி அடுக்கை வேண்டுமென்றே விட்டுவிட்டு, மேலே மருந்து வைத்து, காற்றுப் புகாமல் அடைத்துவிடுகிறார்கள். இரையில்லாமல் உள்ளே மாட்டிய கிருமி அடங்கிப்போகிறது. "அங்கிள், உள்ள கொஞ்சம் சொத்தைய விட்டுருக்கோம்" என்று மாணவர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. விளக்கிய பிறகு வெட்கம் வந்தது. இரண்டு வருடமாகிறது, அந்தப் பல் சும்மா இருக்கிறது.

மீதிச் சொத்தைகளுக்குச் சாதாரண அடைப்பு. ஒரு முன்பல் பழுப்பை மட்டும் அமிலமும் தூளும் கலந்த பசையால் தேய்த்து மங்கலாக்கினார்கள். முழுக்கப் போகவில்லை, நானும் அதற்குமேல் கேட்கவில்லை. ஆறு முன்பல்லுக்கும் கேப் போட்டு வெள்ளையாக்கலாம் என்று வேறொரு இடத்தில் ஆசை காட்டினார்கள். முன்பல்லுக்கு முழுக் கேப் என்றால் வெளியே தெரிகிற பல்லில் பாதிக்குமேல் சீவ வேண்டியிருக்கும். நிறத்துக்காக உயிருள்ள பல்லைச் சீவ எனக்கு மனமில்லை.

எதற்குக் கேப், எதற்கு வேண்டாம்

கேப் போட்டது இரண்டே பல்லுக்கு, ரூட் கேனால் செய்த கடைவாய்ப் பல் இரண்டுக்கும். கடைவாயில் ரூட் கேனால் செய்துவிட்டுக் கேப் போடாமல் விட்டால் ஒரு நாள் கொட்டையைக் கடிக்கும்போது நெடுக்காகப் பிளக்கலாம். பிளந்தால் பிடுங்குவது தவிர வழியில்லை. மூன்றாவது, பக்கவாட்டு முன்பல். அதில் நிறைய பல் மிச்சமிருந்ததால் அடைப்பே போதும்.

ஒரு பல் கேப் தாங்குமா என்பதற்கு மேடம் சொன்ன அளவு எளிது: ஈறுக்குமேல் சுற்றிலும் 2 மில்லிமீட்டராவது நல்ல பல் நிற்க வேண்டும். பீப்பாய்க்கு இரும்பு வளையம் மாதிரி கேப் அந்த விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். விளிம்பே இல்லாத வேரில் கம்பி நட்டு, மேலே கட்டி, கேப் போட்டு 15,000 வாங்கிவிட்டு, ஒரே வருடத்தில் மொத்தமாகக் கையோடு வந்த கதைகள் உண்டு. ரூட் கேனால் பரிந்துரைக்கிறவரிடம் "மேல எவ்வளவு நல்ல பல் இருக்கு" என்று கேட்டால் தப்பில்லை.

பழைய இடைவெளிகளை நான் நிரப்பவில்லை. நெதர்லாந்தில் நைமேகன் பல்கலைக்கழகத்தில் கைசர் என்பவர் 1980-களின் தொடக்கத்தில் ஒன்றைக் காட்டினார்: கடைசிக் கடைவாய்ப் பற்கள் போனாலும், எதிரெதிரே கடித்துக்கொள்கிற 20 பல் நின்றால் பெரும்பாலானவர்களுக்கு அன்றாடச் சாப்பாட்டுக்குப் போதும். ஜப்பான்காரர்கள் 1989-இல் '80 வயதில் 20 பல்' என்று இயக்கமே தொடங்கினார்கள். 2016 கணக்கெடுப்பில் 80 வயதை எட்டியவர்களில் பாதிக்குமேல் அதை எட்டியிருந்தார்கள். 32-ஐயும் நிரப்ப வேண்டும் என்ற பதற்றம் எனக்கு அங்கே போனது. என்னிடம் 23 இருக்கிறது.

காசும் நேரமும்

நான் கல்லூரியில் மொத்தமாகக் கட்டியது 15,000 ரூபாய்க்குள். இதே வேலைகளுக்கு ஒரு நல்ல தனி கிளினிக்கில் விசாரித்தபோது 60,000-ஐத் தொட்டது. ஆனால் 15,000 என்பது முழு உண்மை இல்லை. 17 நாள் அரை நாள் கடை அடைத்திருக்கிறேன். கல்லூரியில் ஒரு அடைப்புக்கு ஒன்றரை மணி நேரம். மாணவருக்குப் பரீட்சை என்றால் நம் தேதி தள்ளிப்போகும். நாள்கூலிக்குப் போகிறவருக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி விழும். அவர் கிளினிக்கிலேயே முக்கியமானதை மட்டும் செய்துகொள்வது லாபமாக இருக்கலாம்.

இன்னும் குறைவாக வேண்டுமென்றால் அரசு. சென்னையில் கோட்டை ரயில் நிலையம் பக்கத்தில் இருக்கிற தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953-லிருந்து இருக்கிறது. சிதம்பரத்தில் ஒன்று; புதுக்கோட்டையில் 2023-இல் ஒன்று திறந்தார்கள். மருத்துவக் காப்பீட்டை நம்பாதீர்கள். விபத்தில் உடைந்தால் தவிர, பல்லுக்குப் பெரும்பாலும் அது கை கொடுக்காது.

ஒரு எதிர்பாராத வரவும் இருந்தது. மூன்று மாத சராசரிச் சர்க்கரை எனக்கு 9.1-இலிருந்து 7.6-க்கு இறங்கியது. பெரும்பகுதி மாத்திரையும் டீயில் சர்க்கரையை நிறுத்தியதும்தான். ஆனால் ஈறு வைத்தியம் மட்டுமே சராசரியாக 0.4 அளவுக்கு இறக்கும் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பிடுங்குவதைப் பற்றி மட்டும் பேசிய இரண்டு இடத்திலும் சர்க்கரை எவ்வளவு என்று யாரும் கேட்கவே இல்லை.

யாருக்கு இது சரிப்படாது

17 தடவை வர முடியாதவர்களுக்கு. லாரி ஓட்டும் என் வாடிக்கையாளர் ஒருவர் ரூட் கேனாலைப் பாதியில் விட்டுவிட்டு ஒடிசா போனார். திரும்பி வரும்போது பல் பாதி இல்லை. வளைகுடாவிலிருந்து 40 நாள் லீவில் வருகிறவர்கள் அந்த லீவுக்குள் முடிகிற வேலையை மட்டும் திறக்க வேண்டும்: பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி, கிளீனிங், அடைப்பு, ரூட் கேனால் செய்தால் கேப் வரைக்கும் முடித்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும்.

பெரும்பாலான பற்களைச் சுற்றி எலும்பே இல்லாதவர்களுக்கும் சரிப்படாது. அக்கா அந்த எல்லைக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். படுக்கையில் இருக்கிற பெரியவர்களுக்கு இவை எதுவுமே வேண்டாம். சில்வர் டயமின் ஃப்ளோரைடு என்று ஒரு திரவம் இருக்கிறது, சொத்தையில் தடவினால் அங்கேயே நிற்க வைக்கும். ஊசி இல்லை, டிரில் இல்லை. தடவிய இடம் மட்டும் கரியாகிவிடும். எண்பது வயதில் அதைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்? ஜப்பானில் பல காலமாகப் பயன்பாட்டில் இருப்பதுதான்.

அப்புறம், வீட்டில் எதையும் மாற்றத் தயாரில்லாதவர்களுக்கு. நான் பாக்கை விட்டேன். அது சொத்தையைத் தாண்டிய விஷயம். பாக்கே புற்றுநோய் வரவழைக்கும் பொருள் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே அறிவித்துவிட்டது. இரவு படுக்கும் முன் ஃப்ளோரைடு பேஸ்ட், பல்லிடுக்கில் நுழைகிற குட்டி பிரஷ். ஃப்ளோரைடால் பல் கெட்ட ஊர்க்காரனுக்கு ஃப்ளோரைடு பேஸ்டா என்று நானும் கேட்டேன். பல் உருவாகிற சின்ன வயதில் வருடக்கணக்கில் குடித்து உள்ளே போவது வேறு, வளர்ந்த பிறகு மேலே தடவித் துப்புவது வேறு.

போன மாதம் ஆறு மாதச் சோதனைக்குப் போனேன். முதல் நாள் அளந்த மாணவி படிப்பு முடித்துப் போய்விட்டார், புதுப் பெண். கம்பி இறங்க இறங்கச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனார். "த்ரீ, டூ, த்ரீ. டூ, டூ, த்ரீ." கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். மேல் இடது கடைவாய்க்கு வந்ததும் குரல் நின்றது. இன்னொரு தடவை இறக்கிப் பார்த்தார். "ஃபைவ்." மேடம் வந்து குனிந்து பார்த்தார், விரலால் பல்லை அசைத்துப் பார்த்தார். "ஆடல. அந்த இடத்த மட்டும் இன்னொரு தடவ கிளீன் பண்ணிட்டு மூணு மாசம் பார்க்கலாம்" என்றார். சீட்டில் தேதி எழுதி வாங்கிக்கொண்டு கடைக்குக் கிளம்பினேன்.